கத்திக்காரர் கைக்கு எலுமிச்சம்பழம்

"ஐயோ, விரல் மடங்கிக்கிச்சு!" என்று கத்திக்காரர் அலறியதும் அவர் மனைவிக்கு ஈரக்குலை நடுங்கியது.

நடுங்காதா பின்னே? சர்க்கஸ் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். பலகையில் சாய்ந்து நிற்கும் பெண் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட, இன்று முதன்முதலாக இவள் நிற்க வேண்டும். இவளைச் சுற்றிக் கத்தி எறியப்போகிற கைதான் இப்படி இழுத்துக்கொண்டு நிற்கிறது.

"இன்னைக்கு ஆட்டம் வேண்டாங்க. பயமா இருக்கு."

"அட போடி! கை எப்படி இருந்தாலும் கத்தி போற இடத்துக்குப் போகும்."

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. அவள் எலுமிச்சம்பழம் தேடி ஓடினாள். கை கால் பிடிப்புக்கு அவள் அம்மா செய்கிற வைத்தியம் அது. சாறு உள்ளுக்கு, தோல் மேலுக்கு.

உப்புப் போட்ட சாற்றை ஒரே மடக்கில் குடிக்க வைத்தாள். விரல் விரியவில்லை. விக்கல்தான் வந்தது.

"என்னத்தடி... ஹிக்... குடுத்தே?"

"சும்மா இருங்க. தோலைத் தேய்ச்சா சரியாயிடும்."

தோலை மடித்துப் பிழிந்தாள். நேராக அவர் கண்ணில் பீய்ச்சியடித்தது. பதறிப்போய், வெந்நீரில் ஊறப்போட்டிருந்த மீதித் தோலை அள்ளி மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். விரல்கள் விரிந்தன. ஆனால் சூடு தாங்காமல் கை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

பலகையருகே நின்ற கோமாளி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, பின்பக்கம் போய் மறைந்தான். அவனுக்கென்ன, சிரிப்பான். அவள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பலகையில் ஒட்டிக்கொண்டாள். எதிரே கணவர் விக்கினார், கண்ணைத் துடைத்தார், ஆடுகிற கையை ஓங்கினார்.

டக்! காதோரம். டக்! தோளோரம். டக்! இடுப்போரம்.

உயிர் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டம் கைதட்டியது. அடேயப்பா, எலுமிச்சம்பழமா கொக்கா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி உச்சந்தலைக்கு மேலே ஒரு கத்திதான் பாக்கி. கணவர் கையை ஓங்கினார்.

பலகைக்குப் பின்னாலிருந்து கோமாளி கிசுகிசுத்தான்:

"அக்கா, அண்ணன் எறியறதே இல்ல, கத்தியைக் கைக்குள்ளயே ஒளிச்சுக்குவாரு. பலகை ஓட்டை வழியா வேற கத்தியை வெளியே தள்ளுறது நான்தான்... அசையாதீங்க, இப்ப எனக்குக் கை இழுக்குது!"