இரண்டு கேட்டும் ஒரே ரோகிணியும்

எங்கள் லோபாக் வட்டாரத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லா வீட்டுக் கதவையும் திறக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் ரிமோட் அண்ணன்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ரிமோட்டை அழுத்தினால் தானே திறக்கும் ஆட்டோகேட் பொருத்துவது தொழில். அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கருவிப் பெட்டியைவிட அவருடைய தன்னம்பிக்கை கனமானது.

ரிமோட்டுக்குள்ளும் கேட்டின் பெட்டிக்குள்ளும் எட்டுப் பொடிச் சுவிட்சுகள் இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி ஏற்றி இறக்கி வைத்தால்தான் கேட்டு திறக்கும். மற்றவர்கள் மனம்போன போக்கில் வைப்பார்கள். அண்ணனோ, அந்தந்த வீட்டுக்காரம்மாவின் நட்சத்திரத்தைக் கேட்டு வைப்பார். அசுவினிக்கு ஒரு வரிசை, பரணிக்கு ஒரு வரிசை. மூலை வீட்டுச் சீன ஆன்ட்டியைக்கூட விடவில்லை. பிறந்த தேதியை வாங்கி, பஞ்சாங்கத்தைப் புரட்டி, விசாகத்தை ஒதுக்கினார். அந்த அம்மாள் அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்கு வந்து விசாகத்தின் பேரில் அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

என் மனைவியின் நட்சத்திரம் ரோகிணி. எதிர்வீட்டுச் சரசக்காவுக்கும் அதுவே. இருவரும் கோலா சாவா எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். ரம்புத்தான் கிளை ஒன்றை வெட்டிய தகராறில் பேச்சு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தீபாவளிக்கு என் மனைவி முறுக்குகூடச் சுடவில்லை. "யாருக்குக் கொடுக்க?" என்றாள். எதிர்வீட்டு முகத்தைப் பார்த்தபடி நின்று கேட்டைத் தள்ள முடியாது என்றுதான் ஆட்டோகேட் கேட்டாள். சரசக்காவும் அதே காரணத்துக்காக முந்தின மாதமே அண்ணனிடம் போட்டிருந்தார்.

எங்களுக்குப் பொருத்திய அன்று மாலையே சரசக்கா பசாரிலிருந்து திரும்பி ரிமோட்டை அழுத்த, எங்கள் கேட்டும் சேர்ந்து திறந்தது. எங்கள் நாய் தெருவுக்குப் பாய்ந்தது. மறுநாள் நாங்கள் அழுத்தினோம். அவர்கள் வீட்டுக் கோழிகள் நடுரோட்டில் நின்றன.

"வேணும்னே தொறக்கிறா! போலீசுல ரிப்போர்ட் பண்ணுங்க!" என்று என் மனைவி கத்தினாள். எதிர்வீட்டிலும் அதே வசனம் கேட்டது. ரிப்போர்ட் போய்விட்டால் இந்த ஜென்மத்தில் இருவரும் சேர மாட்டார்கள் என்று பயந்து, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வந்தவர் நடுரோட்டில் நின்று இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

"உள்ள டிகோடர்னு ஒரு சிப்பு இருக்கு. அதுக்குக் காது மட்டுந்தான், கண்ணு இல்ல. ரோகிணின்னு கேட்டுச்சுன்னா தொறந்துடும். யாரு கூப்பிடறான்னுலாம் பாக்காது லா."

"அப்ப அவங்க வீட்டுக்கு மாத்துங்க!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"மாத்தலாமே. இந்த ரோட்டுல ஆயில்யம், மூலம், கேட்டை, இது மூணுதான் காலி. யாருக்கு எது வேணும்?"

மாமியாருக்கு ஆகாது, மாமனாருக்கு ஆகாது, மூத்தாருக்கு ஆகாது என்று சொல்லப்படும் நட்சத்திரங்கள். இரண்டு வீட்டிலும் கல்யாண வயதில் பெண்கள். வாசலில் அதை யார் வைப்பார்கள்? இருவர் முகமும் வெளுத்தது.

"வேணாண்ணே, இருக்கறதே இருக்கட்டும்," என்றாள் என் மனைவி. சரசக்காவும் வேகமாகத் தலையாட்டினார்.

"அப்ப அமுக்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுத்துக்கங்க. நாயும் கோழியும் பொழைக்கும்."

மறுநாள் காலை என் மனைவி காரில் உட்கார்ந்து வெகுநேரம் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, தொறக்கறேன்! கோழிய புடிங்க!"

"இருடி, வர்றேன்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாரக் கடைசியில் இருவரும் ஒரே காரில் பசாருக்குப் போனார்கள்.

பிறகு ஒருநாள் அண்ணனை மடக்கினேன். "நம்ம ரோட்டுல பத்து வீடுதாண்ணே இருக்கு. இருபத்தேழு நட்சத்திரத்துல மூணுதான் காலியா?"

"கணக்கெல்லாம் எனக்கு வராது தம்பி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன; அண்ணன் இப்போது ரெம்பா ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் எங்கள் கேட்டு மக்கர் செய்தது. ரிப்பேருக்கு வந்தவர் பெட்டிக்குள்ளிருந்த சர்க்யூட் போர்டைக் கழற்றி, "பழைய போர்டு, தூக்கிப் போட்டுடுங்க," என்றார். என் மனைவியும் சரசக்காவும் அந்த போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அண்ணனிடம் காட்டலாம் என்று காரில் ஏறினார்கள்; நான் ஓட்டினேன். அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது, அவரால் எதையும் பழுதுபார்க்க முடியாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, போனோம்.