உன் மகன் போட்டோவுக்கு நின்ற விவரம்

பாசத்துக்குக் குறைவில்லாத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் மகன் சௌக்கியம், என் இடது கால் ஷூ மட்டும் சௌக்கியமில்லை. அதன் கதை பின்னால் வருகிறது. அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், மீதிக் கதை வீணாகிவிடும், அதனால்தான் கடிதம். தவிர, வேலையிடத்து விஷயம் எதையும் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று உன் மகன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். நான் எதையும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

"பெண் வீட்டாருக்குக் காட்ட அவனை ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்புடா, ஒரே வீட்டில் இருக்கிறாய், கையில் கேமரா இருக்கிறது, இதுகூடவா முடியாது?" என்று நீ கேட்டது நியாயம்தான். முப்பது வருஷம் கல்யாணங்களில் படம் எடுத்தவன் நான். அழுகிற மணப்பெண்ணைச் சிரிக்க வைத்திருக்கிறேன், முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகளைத் தோளில் கை போட வைத்திருக்கிறேன். உன் மகன் ஒருவனை நிறுத்த முடியவில்லை. ஏன் என்று கேள்.

எல்லாரும் போனிலேயே கல்யாணப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். நகரத்து நடுவில் பெரிய கட்டடம் எழும்புகிறது. கிரேன் தூக்கும் ஒவ்வொரு பெரிய பாரத்தையும், அது தரையைவிட்டுக் கிளம்புமுன், கொக்கியும் பெல்ட்டும் கட்டும் தெளிவாகத் தெரிய நான் படம் எடுக்க வேண்டும். என் படம் இல்லாமல் பாரம் கிளம்பக்கூடாது. போனில் எடுத்த படமும் செல்லாது, இன்சூரன்ஸ்காரர்கள் போட்ட கட்டளை. உன் தம்பிக்கு வந்த அதிகாரத்தைப் பார். உன் மகன் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவன். கூண்டில் இருக்கும் டிரைவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. இவன் கையை நம்பித்தான் தூக்குவார், இறக்குவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வெயில் அழகாக விழுந்த ஒரு காலையில் மாப்பிள்ளையைப் பிடித்துவிடலாம் என்று போனேன். ஓர் இரும்புத் தூணை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். சைட்டில் போடும் மேல்சட்டை எனக்கு இன்னும் வராததால், உன் மகன் தன்னுடைய ஆரஞ்சுச் சட்டையில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தான். மற்ற எல்லாருக்கும் மஞ்சள், சைகை காட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஆரஞ்சு என்று எனக்கு யார் சொன்னார்கள்? பழக்க தோஷம், ஒரு விரலை உயர்த்திச் சுழற்றி, "தலைய கொஞ்சம் தூக்கு மாப்ளே" என்றேன். மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. கிரேன் தூணைத் தூக்கியது. விரலை அப்படிச் சுழற்றினால் அங்கே 'தூக்கு' என்று அர்த்தமாம். பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவரின் கையுறை அதில் சிக்கி மேலே போனது. கை உள்ளே இல்லாதது யார் செய்த புண்ணியமோ. உன் மகன் கத்திக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தினான், அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கையுறைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இனிமே சைட்டுக்குள்ள உங்க ரெண்டு கையும் பாக்கெட்லதான் இருக்கணும்" என்றார். "அப்ப போட்டோ எப்படி சார் எடுக்கிறது?" என்றேன். "அது உங்க தொழில், எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

இது போதாதென்று இன்னொரு தொல்லை. நான் வருவதற்கு முன்னால், பாரத்துக்கு பெல்ட் கட்டுகிற ஒருவர், 'மீசை' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம், பெல்ட் அறுந்து பாரம் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. கேட் பாஸில் ஒட்டியிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அதில் கண் அரைகுறையாக மூடியிருக்கிறது, பாதி மீசை ஆபீஸ் முத்திரைக்கு அடியில். "இது யாரு?" என்று கேட்டாராம் அவர் மனைவி. அதைக் காதால் கேட்டுவிட்டு வந்தவர்கள், பெரிய பாரம் தூக்கும் நாளெல்லாம் என் முன்னால் வரிசை கட்டுகிறார்கள். ஹெல்மெட்டுக்குள்ளே சீப்பு வைத்திருக்கிறார்கள் அக்கா. "அண்ணே, வீட்ல மாட்டுற மாதிரி நல்லா எடுங்க" என்பார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, "ஐயோ, இது வேணாம்ணே, இன்னொண்ணு எடுங்க. செத்தவன் சிரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். முகத்தை நிமிர்த்தச் சொன்னேன், வாயால் மட்டும். சாயங்காலம் படங்களைப் பார்த்த இஞ்சினியர், "தூக்குன இரும்பு உத்தரம் எங்கய்யா?" என்று கத்தினார். "பின்னாடி இருக்கு சார், அவர் காதுக்குப் பக்கத்துல" என்றேன்.

உன் மகன் மட்டும் அந்த வரிசைக்கு வரவேயில்லை. வேலையில் இருக்கும்போது எடுத்தால் முதுகைக் காட்டினான், சாப்பிடும்போது எடுத்தால் டிபன் மூடியைத் தூக்கி மறைத்தான். "உங்கம்மா கேக்கறாடா, கல்யாணத்துக்குடா" என்று கெஞ்சினேன். "மாமா, இங்க போட்டோவுக்கு நிக்கிறவன் பயந்துட்டான்னு அர்த்தம். மத்தவங்க பயந்தா பரவால்ல. நான் பயந்தா கை நடுங்கும். கை நடுங்குனா மேல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிடும்" என்றான். என்ன ஒரு திமிர் பார். அப்படியே அத்தானை உரித்து வைத்திருக்கிறான்.

இனி ஷூ கதை. நாளைக்கு இரண்டு கிரேன்கள் சேர்ந்து ஒரே உத்தரத்தைத் தூக்கப் போகின்றன. இந்தக் கட்டடத்திலேயே அதுதான் பெரியது. எங்கே நின்று எடுத்தால் நன்றாக வரும் என்று பார்க்க இன்று காலை அங்கே போனேன். அடியில் ஏதோ குழாய் உடைந்து கசிகிறதாம். மேலே பார்த்தால் காய்ந்த மண், கால் வைத்தால் சேறு. இடது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இரண்டு பேர் என்னை இழுத்தார்கள். நான் வந்தேன், ஷூ வரவில்லை. மண்வெட்டி போட்டுத் தோண்டியும் கிடைக்கவில்லை. நீ வாங்கிக் கொடுத்த ஷூ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், உன் மகனைத் தவிர. அவன் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இஞ்சினியரிடம் போய் வெகுநேரம் பேசினான். மாமனுக்குப் புது ஷூ கேட்கிறான், தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அதிசயம். மத்தியானம் முகம் கழுவி, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவனே என் முன்னால் வந்து நின்றான். "எடுங்க மாமா. அம்மாவுக்கு அனுப்பிடுங்க" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மனசு மாறுமுன் அமுக்கித் தள்ளினேன். தெருமுனைக் கடையில் கொடுத்துப் பெரிதாகவே போட்டு வாங்கி, இதனுடன் வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் பார்த்ததும் சரி என்று சொல்லிவிடுவார்கள். பார்வை மட்டும் எங்கேயோ இருக்கிறது. கேட்டால் பையனுக்குக் கூச்சம் என்று சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். சின்னவளைக் கவனமாகப் படிக்கச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்,

உன் தம்பி

பி.கு.: படம் உள்ளே இல்லை, தேடாதே. உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். அது கூச்சம் இல்லை அக்கா. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய், "என்னடா விஷயம்?" என்று கேட்டேன். "உங்க ஷூவ முழுங்குன எடத்துலதான் மாமா நாளைக்கு ரெண்டாவது கிரேன் கால் ஊணப் போவுது. இஞ்சினியர்கிட்ட மண்ணு தாங்காதுன்னு சொல்லிப் பாத்துட்டேன். இரும்புத் தகடு போட்டுட்டோம், போய் உன் வேலையப் பாருன்னுட்டாரு" என்றான். "நீ போகாதடா" என்றேன். "நான் போகலேன்னா நேத்து வந்தவன் எவனையாவது கொண்டாந்து நிறுத்துவாங்க" என்றான். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நடுங்கியது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட கேமராவைக் கொண்டுவந்து அவன் பாத்திரம் கழுவிய வாளியில் போட்டுவிட்டேன். பாவம், கொஞ்ச நேரம் குமிழி விட்டது. என் படம் இல்லாமல் பாரம் கிளம்பக்கூடாது. இன்னொரு ஆளைப் பிடித்து வர அவர்களுக்கு ஒரு நாளாவது ஆகும். அதற்குள் யாராவது என் ஷூவைத் தோண்டிப் பார்க்கட்டும். என் வேலை போய்விடும். உன் மகன் என்னோடு பேசாமல் போய்ப் படுத்துவிட்டான். படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெண் வீட்டாரை நேரில் வந்து பார்த்துக்கொள்ளச் சொல். பையன் முழுசாக இருக்கிறான்.