குரங்கு கொண்டுபோன இடது சப்பாத்து

பெண் கேட்கப் போகிறவன் பூ, பழம், தட்டு என்று போவான். நான் தண்ணீர்ப் புட்டியோடு மலையேறப் போனேன். புத்தி இருந்தால் போயிருப்பேனா?

காரணம் நான் காதலித்த சியூ லிங்கின் அப்பா. "மாண்டரின் பேசத் தெரியாத மருமகன் வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தைக் குன்றுக்கு அழைத்துப் போய் மாண்டரின் பழக்குபவரும் அவர்தான். அங்கே ஒரே சட்டம்: வேறு மொழியில் வாய் திறந்தவன் எல்லாருடைய தண்ணீரையும் சுமக்க வேண்டும்.

மாசாய் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எனக்குத் தெரிந்த மாண்டரின் ஒரே வாக்கியம், "நீ ச்ச ஃபான் ல மா?" (சாப்பிட்டாச்சா என்று அர்த்தம்). அதையே அங்கிளிடம் (அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

குன்றடியில், அந்த இடத்துக்குக் காவலான டத்தோ சாமிக்குச் சிவப்புச் சாயம் பூசிய சின்னக் கோயில். மற்றவர்கள் சப்பாத்தோடு நின்றே ஊதுபத்தி ஏற்றினார்கள். நமக்கு மனசு கேட்குமா? கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 'இந்தப் பெண்ணையே கட்டிவை சாமி' என்று கண்மூடி உருகினேன். கண் திறந்தபோது என் இடது சப்பாத்து ஒரு குரங்கின் கையில் இருந்தது.

கத்த வேண்டும். எந்த மொழியில்? தமிழில் கத்தினால் பெண்ணே கைவிட்டுப் போய்விடுமே! பதற்றத்தில், "நீ ச்ச ஃபான் ல மா! நீ ச்ச ஃபான் ல மா!" என்று குரங்கைச் சாப்பாடு விசாரித்தபடியே துரத்தினேன். அது மரத்தில் ஏறியது. நானும் ஏறப் பார்த்தேன்.

"டேய் தம்பி! உட்டுருடா! கடிச்சி வச்சிரும் லா!"

கத்தியது அங்கிள். தமிழர்கள் வேலை செய்த சாஆ தோட்டத்துப் பக்கம் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தாராம். சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடுதான் விளையாட்டாம். இது கூட வந்திருந்த சியூ லிங்குக்கே தெரியாது. வாயைப் பிளந்து நின்றாள்.

சட்டம் சட்டம்தான். அங்கிள் குனிந்து எல்லாருடைய தண்ணீர்ப் பைகளையும் எடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். இடது காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் தண்ணீரையும் சுமந்து நொண்டினேன். கால் வலியைவிட, அங்கிள் பெண் தருவாரா மாட்டாரா என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இறங்கும் வழியில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சாப்பிட்டியாடா?"

அதுதான் சம்மதம் என்று சியூ லிங் பிறகு சொன்னாள்.

கல்யாணத்தன்று சீன வழக்கப்படி மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தபோது, மாமனார் சிவப்புத் தாள் சுற்றிய பெட்டி ஒன்றை நீட்டினார். நகை என்று அம்மா பூரித்துப்போனார். உள்ளே ஒற்றை இடது சப்பாத்து.

"வலதுதான் உங்கிட்ட இருக்குல்ல?"

என் மாண்டரின் இன்னும் அதே ஒரு வாக்கியம்தான். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் யார் சப்பாத்தைக் கழற்றினாலும், மாமனார் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.