புகையில்லாத காருக்குக் கொஞ்சம் புகை

உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து மழை பெய்யுமா என்று மட்டும் வாசலில் நின்று கவலைப்படுவார்கள். எங்கள் பக்கத்தில் இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால், ராஜபாளையம் தவசிமுத்துவைக் காட்டலாம். மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர். 1988-இல் ஒரு பழைய காரின் வெறுங்கூட்டுக்குள், மில்லில் கழித்துப்போட்ட மோட்டாரையும் எட்டு லாரி பேட்டரிகளையும் ஏற்றி, பக்கவாட்டில் 'புகையில்லாத கார்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார்.

ஓடியதா? ஓடாமல் என்ன! ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கரண்டில் போனது. திரும்பும்போது ஒரு டீசல் லாரியின் பின்னால் கயிற்றில் வந்தது. "ஏலே, போகும்போது பொகை வந்துச்சா? சொல்லு!" என்று கயிறு கட்டிய கிளீனரையே மடக்கினார். கரண்டு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "தூத்துக்குடியில கரி எரிக்கான். தூத்துக்குடி இங்கருந்து எம்புட்டு தூரம்!" என்பார்.

தூத்துக்குடி தூரம்தான். ஆனால் அவருடைய அடுப்படி தூரமில்லையே?

அங்கேதான் அவர் மனைவி பரிபூரணம் இருந்தாள். பதினெட்டு வருஷம் விறகடுப்பை ஊதி ஊதி இழுப்பு வாங்கியவள். "இனிமே பொகைப் பக்கம் போனா உசுருக்கே ஆபத்தும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்து வருஷம் காத்துக் கிடந்து கேஸ் அடுப்பு வந்து சேர்ந்த அன்று, அவள் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். அந்தச் சுகம் மூன்று மாசம் நீடித்தது. பிறகு கார் வந்தது.

எட்டு பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கடையில் விற்பது வெறும் குழாய்த் தண்ணீர் என்று தவசிமுத்துவுக்குச் சந்தேகம். அவளுடைய குக்கர் மூடியில் செம்புக் குழாயைச் செருகி, அதைப் பச்சைத் தண்ணீர் அண்டாவுக்குள் சுற்றவிட்டு, முனையில் பாட்டிலை வைத்தார். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். ஒரு பாட்டில் நிறைய, நாள் முழுக்கக் காய்ச்ச வேண்டும். விறகில்.

"கேஸ்ல காய்ச்சுனா என்னங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, கேஸு பூமிக்குள்ள இருந்து வாரது. எடுத்துட்டா பொறவு கெடைக்குமா? வேலிக்கருவை மரம் தானா மொளைக்குது, தானா எரியுது!"

அவள் இருமினால் ஓடிவந்து அடுப்படிக் கதவைச் சாத்துவார். எதற்கு? புகை பட்டால் காரின் பெயின்ட் மங்கிவிடுமே.

அப்புறம் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு விஞ்ஞான மன்றத்தார் காரைப் பார்வையிட வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று காலையில் பரிபூரணத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல மூன்று மூச்சு வேண்டியிருந்தது. அவரோ, இன்னொரு பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவளுக்கு முதலில் பயம் வந்தது. செத்துப்போய்விடுவோமோ என்ற பயம். அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. விறகடுப்பின் மூன்று செங்கலையும் விறகையும் குக்கரையும் ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய், காரின் பின்பக்கம் அடுப்பை மூட்டிவிட்டு, காற்றடிக்கும் திசை பார்த்து எட்ட உட்கார்ந்துகொண்டாள்.

தவசிமுத்துவோடு கையில் மாலையுமாகத் தெருமுனை திரும்பிய மன்றத் தலைவர் காசிராஜன், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கார் பொகையுதே!"

"கார்ல இருந்து வரல ஐயா," என்றாள் பரிபூரணம். "காருக்காக வருது. இத்தன நாளும் எனக்குள்ள போய்ட்டிருந்துச்சு."

"ஏட்டி, உள்ள தூக்கிட்டுப் போ! இவிய எல்லாம் பாக்காவ!"

"நீங்க தூக்கிட்டுப் போங்க. நான் செத்த நேரம் மூச்சு விடுதேன்."

வேறு வழியில்லாமல் அவரே குனிந்தார். புகை மூஞ்சியில் அடித்தது. கண்ணீர் வழிய, இருமல் பிடுங்கியெடுக்க, மன்றத்தாரைப் பார்த்து அவர் சொன்ன விளக்கம் இது: "வெறகு ஈரம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் சட்டை வெள்ளை, வீடு பளிங்கு, மனசு அதைவிடச் சுத்தம். பொட்டுப் புகை கிடையாது. ரொம்ப சந்தோஷம். சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் சும்மா இருந்து, உங்கள் வீட்டில் இருமுவது யார் என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.