பாட்டுப்பெட்டிக்குக் கரண்ட் ஏறாத விவரம்

குத்துக்கல்வலசை

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்டான்லி அவர்களுக்கு,

மாமா ஏசுதாசன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் மரியாதை. எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் நீங்களும் மகள் கிருபாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்து, "மாப்ளே, அந்தப் பாட்டுப்பெட்டி..." என்று ஆரம்பித்தாலே உங்கள் அத்தை ஞானபாக்கியம் அதைப் பிடுங்கி, "ஒண்ணுமில்ல மாப்ளே, ரொம்ப நல்லா பாடுது" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாதாம். ஆகையால் அவளுக்குத் தெரியாமல், சில நாளாக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். சாரல் விழுந்து மை கலைந்திருக்கும். கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும், தினமும் நடக்காவிட்டால் முட்டு மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், "பாட்டில்லாம நடக்கது எழவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போற மாதிரி இருக்கு" என்று அவள் மறுத்ததும், நீங்கள் கட்டைவிரல் அளவுப் பெட்டியில் அவளுக்குப் பிடித்த கீர்த்தனைகளை எல்லாம் ஏற்றி, கூடவே உங்கள் பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்ததும் நாங்கள் மறக்கக்கூடிய உபகாரமல்ல. ஆனால் புறப்படும்போது காரில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இத கம்ப்யூட்டர்ல மட்டும்தான் சார்ஜ் போடணும், சுவத்துல சொருகிராதீங்க" என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் என் நிம்மதி போயிற்று.

உங்கள் கம்ப்யூட்டர் தூங்குகிறது, மாப்பிள்ளை. அது தூங்கினால் பெட்டிக்குக் கரண்ட் ஏறுவதில்லை. தூங்காமல் இருக்க யாராவது மவுஸை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மத்தியானமெல்லாம் தொட்டில் ஆட்டுவதுபோல் நான் ஆட்டுவேன். ஆட்டி ஆட்டி எனக்குக் கண் சொருகும். நான் சொருகினதும் அதுவும் சொருகிவிடும். அடுக்களையிலிருந்து அத்தை, "ஏங்க, ரெண்டு பேரும் ஒறங்கியாச்சா?" என்பாள். சரி, அதையாவது பொறுக்கலாம். ஒயரோ ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால்தான் வேலை செய்கிறது. கையால் எவ்வளவு நேரம் அழுத்துவது? அதன்மேல் கனமாக ஒரு டப்பாவை எடுத்து வைத்தேன். அது கருப்பட்டி டப்பா என்பதை நான் கவனிக்கவில்லை, எறும்புகள் கவனித்துவிட்டன. இப்போது கம்ப்யூட்டருக்குள் அவை குடும்பமாக இருக்கின்றன. மானிட்டரில் ஒரு எழுத்து தானாக நகர்ந்து போனால் அது எறும்பு, பயப்பட வேண்டாம்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டையரானவன் நான். காற்றும் சாரலும் அடித்துத் தெருவே இருட்டானால், இன்னமும் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, கரண்டு எப்ப வரும்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். ஊருக்கே கரண்ட் கொடுத்தவனுக்கு இந்தக் கட்டைவிரலுக்குள் கரண்ட் ஏற்றத் தெரியவில்லை என்பது வெளியே தெரிந்தால் நான் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன்?

போன வாரம் இங்கே மரம் சாய்ந்து பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பெட்டியையும் ஒயரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். ஐந்தருவி போகும் வழியில் என் சிநேகிதர் கடையநல்லூர் ஹுஸைஃபா ஒரு லாட்ஜ் நடத்துகிறார். அங்கே ஜெனரேட்டர் உண்டு. "இதுக்கா அண்ணாச்சி யோசிக்கிய? சொருகுங்க" என்று வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். சொருகினேன். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஹாலில் பெரிய ஸ்பீக்கருக்கு ஒயர் போவது எனக்கெப்படித் தெரியும்? அங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டு இடுப்புத் துண்டோடு அருவிக்கு வேன் வரக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே, ஆர்மோனியத்தோடு கீர்த்தனை கணீரென்று எழும்பிவிட்டது. வெளியூர்க்காரர்கள், பாவம், ஏதோ மரியாதைப் பாட்டு என்று அத்தனை பேரும் எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார்கள். எண்ணெய் வழுக்கி ஒருவருக்குத் துண்டு நழுவுகிறது, அவர் குனிவதா நிற்பதா என்று தெரியாமல் என்னையே பார்க்கிறார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, நடந்ததை அத்தையிடம் மட்டும் சொன்னேன்.

அவசரத்தில் பிடுங்கினது அதற்குக் கோபம்போல. கரண்ட் வந்து வீட்டில் சொருகினதும், ஃபார்மட் பண்ணட்டுமா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. ஆபீஸில் எங்களுக்கு ஃபார்மட் என்றால் நிரப்ப வேண்டிய தாள். நல்லதுக்குத்தான் கேட்கிறது என்று 'யெஸ்' அழுத்தினேன். ஆமென் சொல்லியே பழகின கை, மாப்பிள்ளை. அத்தனை கீர்த்தனையும் போயிற்று.

மறுநாள் அத்தை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட் வரை போய் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "பாட்டு எங்க?" என்றாள். ஃபார்மட் விவரத்தைச் சொன்னேன். அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். நானே பின்னால் பாடிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு சரணம் பாடியும் காட்டினேன். "நீங்க பாடுததக் கேக்கதுக்கு நான் முட்டுவலியோடயே இருந்துக்கிடுதேன்" என்றாள். ராத்திரி அவள் காலைத் தடவிக்கொண்டு முனகும்போது, அந்த முட்டு மடங்காமல் போனால் என் ஒரு விரல்தான் காரணம் என்று நினைத்துப் படுத்திருக்கிறேன்.

ஆகையால் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டு ரயில் ஏறுங்கள். பாட்டை ஏற்றிக் கொடுங்கள், அல்லது அந்தச் சவத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்களையும் கிருபாவையும் ஆண்டவர் கண்மணிபோல் காத்து, தடைபடாத கரண்டும் தூங்காத கம்ப்யூட்டரும் தந்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
நொந்துபோன மாமா,
ஏசுதாசன்

பின்குறிப்பு: உறை வாங்க மாடியிலிருந்து இறங்கினேன், நாற்காலியில் அத்தையைக் காணோம். பதறித் தெருமுனைக்கு ஓடினால், எதிர்வரிசையில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஜாஹிரா பீவியோடு மெயின் ரோடு வரை நடந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். நான் மாடியேறும் நேரமெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. காதில் ஒன்றுமில்லை. பேச்சு முழுக்க நான்தான். லாட்ஜில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரை அத்தை நடித்துக் காட்டுகிறாள், முட்டு அழகாக மடங்குகிறது. பீவி சிரிப்பு தாங்காமல் மதில் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். "இன்னிக்கு அண்ணாச்சி என்ன செஞ்சாவ?" என்று பீவி கேட்டார். "இன்னைக்கு ஒண்ணும் செய்யலயே" என்ற அத்தையின் நடை அந்த இடத்திலேயே தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். எதையும் சரிசெய்ய வேண்டாம். நான் ஒயரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறேன்.