அஞ்சு நாட்டாரின் எக்ஸ்ரே

“…அதாலதான் சொல்லுறன், காய்ச்சல் வாறதெண்டால் குவைத்தில வரவேணும். கால் முறியிறதெண்டால் பஹ்ரைனில முறியவேணும். பல்லுக்குத்துக்கு மஸ்கட்டை அடிக்க ஆளில்லை. சவூதியில மட்டும் அவசரப்பட்டு மயங்கி விழுந்திடாதையும். முதல்ல உமக்கு வேலை தந்த முதலாளியைத் தேடிப் பிடிக்கவேணும், பிறகுதான் டொக்டரை.”

சொன்னவர் அஞ்சு நாட்டார். கேட்டவன் நான், கனடாவில், ஸ்காபரோவில், தரையில் போட்ட மெத்தையில், நடுக்கும் காய்ச்சலோடு. குவைத்துக்குப் போகும் உத்தேசம் எனக்கு இல்லை. விழுங்க ஒரு குளிசை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வளைகுடா நாடுகளின் ஆஸ்பத்திரிகளை அவரளவுக்கு அறிந்த தமிழன் இந்தப் பூமியில் இல்லை. அதுவும் மேலிருந்து அறிந்தவர். குளிர்காற்று வரும் தகரக் குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்த் தூசி துடைப்பதுதான் அவருடைய வேலை. கத்தாரையும் சேர்த்து ஐந்து நாடுகளில் அதைச் செய்திருக்கிறார். எந்த நாட்டுத் தாதி சிரித்துக்கொண்டே ஊசி போடுவாள், எந்த நாட்டில் கஞ்சி சூடாக வரும், எல்லாம் கூரைத் துவாரங்களால் பார்த்து வைத்திருந்தார். தொண்ணூறுகளில் இரண்டு அறை அப்பார்ட்மெண்டில் ஏழு ஆண்கள் இருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத மனிதர். ஒருநாள் கூட இருந்த ராசன் வம்புக்கு இழுத்தான்.

“அண்ணை, பிள்ளைப்பேறுக்கு எந்த நாடு திறம்?”

“பொம்பிளையளின்ர வார்ட்டுக்கு எங்களை விடமாட்டினம். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லுறேல்லை.”

கட்டிடத்தில் யாருக்கு வருத்தம் வந்தாலும் கிளினிக்குக்குத் துணைக்கு வருவார். போய் உட்கார்ந்ததும் முகம் கூரையைப் பார்க்கும். என் காய்ச்சலுக்குப் போனபோது, முன்மேசைப் பெண்ணைக் காட்டி, “உந்தக் காத்துக்குழாய் பில்டரைக் கடைசியா எப்ப மாத்தினவையெண்டு கேளும்” என்றார். கேட்டேன். அந்தப் பெண் அவரை யாரோ அதிகாரி என்று நினைத்திருக்கவேண்டும். அடுத்த நிமிடமே எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவருக்கு ஒரே மனவருத்தம். “எங்களுக்கு முதல் வந்த சனம் எல்லாம் பாத்துக்கொண்டு இருந்தது, ஐசே. நான் கண்ட இடங்களில உள்ளூராருக்கு ஒரு வரிசை, வந்தேறு குடிக்கு ஒரு வரிசை. இங்க எல்லாருக்கும் ஒரே வரிசை. மெதுவா ஊருது எண்டாலும், அதைப்போய் நாங்கள் குழப்பிப் போட்டம்.”

இத்தனை பேசிய மனிதர் தனக்கென்று ஒரு டொக்டரிடமும் போகவில்லை. ஹெல்த் கார்ட் வந்த உறையோடு சூட்கேசுக்குள் கிடந்தது. ஆனால் இருமல் இருந்தது. கேட்டால், “உது குளிருக்கு” என்பார். ஆடி மாத வெயிலிலும் அது குளிருக்குத்தான்.

அப்போதுதான் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு மருத்துவப் பரிசோதனை; நெஞ்சுக்கு எக்ஸ்ரே. அது முடிந்தால்தான் கொழும்பில் லொட்ஜில் காத்திருக்கும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வரமுடியும். மற்றவர்கள் இந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பார்கள். இவர் மெத்தைக்கு அடியில் வைத்தார். மூன்று கிழமையாயிற்று.

“ஏன் அண்ணை போகேல்லை?”

அவர் வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார். “அஞ்சு நாடும் அஞ்சு விதம், தம்பி. ஆனால் ஒரு விசயத்தில அஞ்சும் ஒண்டு. எங்களைப்போல வேலைக்கு வந்தவன்ர எக்ஸ்ரேயில புள்ளி விழுந்தால், ஊருக்குப் பிளேன். என்னோட குழாய்க்குள்ள வேலை செய்தவன் ஒருத்தன், காலமை படம் எடுக்கப் போனவன். பின்னேரம் அவன்ர கட்டில்ல வேற ஆள் படுத்திருந்தான். எனக்கும் சின்னனில காசநோய் வந்து மாறினது. இவ்வளவு காலமும் கடவுள் புண்ணியத்தில அவையின்ர கண்ணில படாமல் தப்பியிட்டன்.”

“இது கனடா அண்ணை.”

“எக்ஸ்ரே எல்லா இடமும் கறுப்பு வெள்ளைதான்.”

ராசனும் நானும் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பித்து, சோதனைக்குச் சளியும் கொடுக்கவைத்தோம். ஒரு கிழமையில் டொக்டரின் கந்தோரிலிருந்து தொலைபேசி: திரும்ப வரவேண்டுமாம். அடுத்தநாள் காலை அஞ்சு நாட்டார் முகம் மழித்து, இருந்த ஒரே கோட்டைப் போட்டு, சூட்கேசைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். கிளினிக் முழுவதும் அந்தச் சூட்கேசைப் பார்த்தது. அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

டொக்டர் ஒரு சீனப் பெண்மணி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புள்ளி இருந்தது. பழைய வடு என்றார். சளியில் கிருமி இல்லையாம், இருமலுக்கு மருந்து தரலாமாம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினேன். அஞ்சு நாட்டார் ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினாரே தவிர, கை சூட்கேஸ் பிடியை விடவில்லை.

டொக்டருக்கு அப்போதுதான் சூட்கேஸ் கண்ணில் பட்டது. “பயணம் போகிறாரா?” என்று என்னிடம் கேட்டார். “மூன்று மாதத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படம் எடுக்கவேண்டும். அதுவும் இப்படியே இருந்தால் அவருடைய பைல் நகரும். அதுவரை எங்கும் போய்விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“புள்ளி இருக்கெண்டு அவவுக்குத் தெரியுமோ?”

“அவதானே அண்ணை காட்டினவ!”

“தெரிஞ்சுகொண்டோ இருக்கச் சொல்லுறா?”

வெளியே தெருமுனையில் ஒரு தொலைபேசிக் கூண்டு. லொட்ஜ் எண்ணை நாலு தரம் பிழையாக அழுத்தி, ஐந்தாம் தரம் பிடித்தார். மனைவி வந்ததும், “இஞ்சரும், எனக்கு நெஞ்சில புள்ளி இருக்காம்” என்றார், லொத்தரில் பரிசு விழுந்த குரலில். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. “அழாதையும், நல்ல விசயம்தான்… இல்லையப்பா, எனக்கு விசர் பிடிக்கேல்லை…”

ஒரு வியாதியை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அறிவித்து நான் கேட்டதில்லை. இன்றைக்கும் என் நெஞ்சைப் படம் எடுத்தால் அந்தக் குரல் ஒரு ஓரத்தில் தெரியும்.

“அவள் என்னை நம்புறாளில்லை, நீர் சொல்லும்” என்று ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, அஞ்சு நாட்டார் தெருவோரத்தில் சூட்கேசை வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.