சுடர்விழிக்கு அடித்த ஃப்ளெக்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

நன்னிலத்திலிருந்து தங்கை செவ்வந்தி எழுதுவது. அங்கு நீங்களும் அம்சவல்லி அண்ணியும் நலம்தானே? இங்கு அனைவரும் நலமென்று எழுதத்தான் கை போகிறது. உண்மையில் இந்த வீட்டில் நலமாக ஓடிக்கொண்டிருப்பது மிக்சி மட்டும்தான். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் கடிதம்.

என் மகள் ஏன் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள் என்று கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று உங்கள் மாப்பிள்ளையின் ஃப்ளெக்ஸ் கடையில் நிற்க இடமிருக்காது, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாழ்த்து அடிக்க வேண்டும், அதனால் சொந்தப் பிள்ளைக்கு முந்தின நாளே அடித்துப் பேருந்து நிலையத்தில் கட்டிவிட்டார். 'கணித ஆசிரியை செவ்வந்தியின் மகள் சுடர்விழி கணிதத்தில் நூற்றுக்கு நூறு!' கேட்டால், "டீச்சர் பொண்ணு வேற எவ்வளவு வாங்கும்?" என்கிறார். வாங்கியது இருபத்தெட்டு. அவர் அவிழ்க்க ஓடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருந்தவர்கள் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு போய்க் குவியலை மூடிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தால், நெல்லின் மேல் என் மகள் நனைந்துகொண்டே சிரிக்கிறாள். டீக்கடை அப்துல் அஜீஸ் பாய் ஆறுதல் சொன்னார்: "கவலப்படாதீங்க டீச்சர், உங்க பொண்ணு இல்லேன்னா இவ்வளவு நெல்லும் மொளச்சிருக்கும்!"

என்னருகே நின்ற சுடர் சிரிக்கவில்லை. "இனிமே உங்கிட்ட யாரும்மா டியூஷனுக்கு வருவா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் உங்கள் ஊருக்கு, கீழ்வேளூர் பஸ் ஏறிவிட்டாள்.

அண்ணே, நம்ம அப்பா நாத்துக்கட்டு சுமந்தாங்க. நீங்க கணக்குல முப்பத்தஞ்சு வாங்கினப்ப தெருவே மிட்டாய் தின்னுச்சு. அவங்க வேலையப் பாத்து நம்மகிட்ட யாரும் எதையும் எதிர்பாக்கல. என் பிள்ளைக்குத் தோக்கக்கூட வழியில்லண்ணே. அவ தோத்தா என் வேலையும் சேந்து தோக்குதாம்.

துணைத்தேர்வு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது அவளை அனுப்பி வையுங்கள். நானே சொல்லித் தருகிறேன், குரலை உயர்த்த மாட்டேன். தயவுசெய்து அங்கே யாரிடமும் டியூஷனுக்கு விடாதீர்கள். கணக்கு டீச்சர் மகள் வெளியில் கணக்குப் படிக்கிறாள் என்றால் நான் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைவது?

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் குறுவை நாற்று பழுதில்லாமல் வளரட்டும்.

தங்கை,
செவ்வந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார். உங்கள் எதிர்வீட்டு நிலோஃபரிடம் சுடர் தானாகவே கணக்குக் கற்கப் போகிறாளாம். போகும்போது, "நான் யாரு பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்த" என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டாம் அண்ணே. அங்கேயே படிக்கட்டும். அவள் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.